நாலு நாள் போனாலும் இறங்கக் கூடாத வயல்

அந்த மடிக்கணினியில் தெரிந்த மண்டையோட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. யுத்த காலம். திருகோணமலையில் கண்ணிவெடி விழிப்புணர்வு அலுவலகமொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து மின்னஞ்சலில் வரும் சுவரொட்டிகளை அச்சுக்குத் தயாராக்குவது டீச்சரின் பொறுப்பு. கிளிவெட்டியில் சித்திரம் படிப்பித்தவர், சண்டையில் இடம்பெயர்ந்து பிள்ளைகளோடு முகாமில் இருந்தார். நாற்பது வயதில் மவுசைப் பிடித்து, எங்கள் எல்லோரையும் விட வேகமாகக் கணினியில் வரையப் பழகியவர்.

சனம் ஊர் திரும்பப் பத்து நாள் இருக்கையில் அந்தப் படம் வந்தது. கண்ணிவெடியுள்ள நிலத்தில் நடுகிற சிவப்புப் பலகையில் வெள்ளை மண்டையோடு, அவ்வளவுதான். நான் பார்த்துச் சரியென்று கையெழுத்தும் வைத்துவிட்டேன். டீச்சர் விடவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு என்னையும் முகாமுக்குக் கூட்டிப்போய், கிளிவெட்டியில் நெல் விதைத்துவந்த கமக்காரர் ஒருவரிடம் காட்டினார்.

"இது மருந்தடிச்ச வயல். நாலு நாள் போனால் இறங்கலாம்" என்றார் அவர்.

பூச்சிமருந்துப் போத்தலில் அதே மண்டையோடு இருப்பது நெல் விதைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். மேசையிலிருந்து கையெழுத்து வைத்த எனக்குத்தான் அது தோன்றவில்லை.

அன்றே டீச்சர் புதிதாக வரைந்தார். மூன்று கட்டங்கள். மூன்றிலும் ஒரே வயல், அதே பலகை, நடந்து போகிற வயல் வரம்புக்குக் குறுக்கே ஒரு முள்ளுக் கிளை. முள்ளைப் போட்ட வழியால் எங்கள் பக்கத்தில் யாரும் போகமாட்டார்கள். அயல் வயலில் முதலில் விதைப்பு, பிறகு மழை, பிறகு அறுவடை. முள்ளு மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

பொறுப்பதிகாரி ஒப்பவில்லை. "மண்டையோடு சர்வதேசக் குறியீடு, டீச்சர். மாத்த ஏலாது. உங்கட படத்தை அழிச்சுப்போடுங்கோ."

"சர்வதேசம் வயலுக்குள்ள இறங்காது சேர். எங்கட சனந்தான் இறங்கும். நான் அழிக்க மாட்டன்."

அந்தச் சம்பளத்தில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. ஆனாலும் மறுநாள் அலுவலக அச்சுப்பொறியில் மை தீரும்வரை அடித்தார். நான் தாள் எடுத்துக் கொடுத்தேன். முகாமில் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு வந்தோம். அந்தக் கிழமையே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். நான் வாங்கிய சான்றிதழ்களில் அதைத்தான் பெருமையாகச் சொல்லுவேன்.

இப்போது கைத்தொலைபேசியில் நிமிடத்துக்கொரு விளக்கப்படம் வருகிறது. நிறமும் அசைவும் கண்ணைப் பறிக்கின்றன. கூட்டங்களில் எனக்கும் காட்டுகிறார்கள். இதைப் பார்க்கப்போகிற சனத்திடம் முதலில் காட்டிக் கேட்டீர்களா என்று கேட்பேன். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், நான் கேட்பதை நிறுத்தப்போவதில்லை.

சனம் திரும்பி ஒரு மாதத்தில் கிளிவெட்டிக்குப் போனேன். அந்தக் கமக்காரர் தன் வரம்பில் குந்தியிருந்தார். வயலில் புல் இடுப்பளவுக்கு நின்றது. நடுவில் மண்டையோட்டுப் பலகை.

"இறங்கயில்லையோ ஐயா?" என்று கேட்டேன்.

"எப்பிடி இறங்கிறது? அறுவடை முடிஞ்சும் டீச்சர் முள்ளை எடுக்கயில்லையே."