பதினாலுக்குள்ளை அடங்காத குடும்பம்

எங்கடை தமிழ் ஆராதனை துவங்கினது என்ரை கராஜிலை. இதை முதலே சொல்லிப்போடுறன், பிறகு ஒருத்தரும் தெரியாதெண்டு சொல்லக் கூடாது. வெளிநாட்டிலை, பிளாக்ஹவுஸ் பே எண்ட இடத்திலை ஒரு வாடகை வீடு. கராஜ் கதவு முழுக்க மேலை போகாது, நெஞ்சளவிலை கோணலாச் சிக்கி நிண்டிடும். ஆர் வந்தாலும் குனிஞ்சுதான் உள்ளை வரவேணும். பெரிய படிப்புப் படிச்ச இஞ்சினியர் அண்ணையும் குனிஞ்சுதான் வந்தவர்.

தொண்ணூறுகளின்ரை துவக்கம் அது. சண்டைக்கு ஓடி வந்த சனமும் வேலை விசாவிலை வந்த சனமுமாப் பதினைஞ்சு குடும்பம். இங்கிலீஸ் கோயிலிலை பாட்டு விளங்காது, விளங்கினாலும் ராகம் பிடிபடாது. அதாலை ஞாயிறு பின்னேரம் எல்லாரும் என்ரை கராஜுக்கு வருவினம். ஏன் என்ரை கராஜ் எண்டா, எனக்குக் கார் இல்லை. கார் இல்லாதவனுக்குக் கடவுள் குடுத்த ஒரே பெருமை வெறும் கராஜ்தான்.

வீட்டுக்காரன் வீட்டை வாடகைக்கு விட்டது ஆக்கள் இருக்க, ஆராதனை நடத்த இல்லை. பக்கத்து வீட்டுக்காரி சத்தம் தாங்கேலாதெண்டு அவனுக்குப் போன் அடிச்சுப்போட்டாள். அவன் வந்து கதவடியிலை நிண்டு, உள்ளை என்ன நடக்குதெண்டு கேட்டான். என்ரை மனிசி ஒரு தட்டிலை வடையைக் கொண்டுபோய் நீட்டி, பிறந்தநாள் எண்டு சொல்லிப்போட்டாள். அவன் வடை நல்லாயிருக்கெண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டான். அந்த வருசம் எங்கடை வீட்டிலை எத்தினை பிறந்தநாள் வந்ததெண்டு எனக்கே தெரியாது. பொய் சொல்லி ஆராதனையைக் காப்பாத்தின பொம்பிளை அவள். பிடிபட்டிருந்தா நாங்கள்தான் நடுறோட்டிலை நிண்டிருப்பம்.

நான் அஞ்சாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டவன் எண்டு மரியாதைக்குச் சொல்லுறன், போகச் சொன்னவை. ஹென்டர்சனிலை அலுமினிய ஜன்னல் செய்யிற இடத்திலை வேலை. எனக்கு எதிரிலை நிண்டு சட்டம் பூட்டுறவன் ஒரு சமோவாக்காரன், பசுபிக் தீவு ஆள். அவன்ரை கை என்ரை துடை அளவு. ஒருநாள் சாப்பாட்டு நேரம் தன்ரை வம்சத்தைச் சொல்லத் துவங்கினான். தகப்பன், தகப்பன்ரை தகப்பன் எண்டு மூச்சு விடாமல் இருபது தலைமுறை போனான். பிறகு, உன்ரையைச் சொல்லு எண்டான். நான் அப்பா எண்டன், அப்பப்பா எண்டன், அதோடை என்ரை றோட்டு முடிஞ்சுது. அவன் என்னை அநாதைப் பிள்ளையைப் பாக்கிற மாதிரிப் பாத்தான். எனக்கு ரோசம் வந்திட்டுது. என்ரை வம்சம் கிடக்கட்டும், யூதாவை ஆண்ட ராசாக்களைத் தாவீதிலை இருந்து வரிசையாச் சொல்லுவன் எண்டு அடிச்சு விட்டன். எனக்குத் தெரிஞ்சது தாவீதும் சாலொமோனும் மட்டும். அவன் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைச்சிட்டு, சரி சொல்லு எண்டான். நாளைக்கு எண்டன்.

அந்த நாளைக்கு வர நாலு மாசம் எடுத்தது. வேலைக்குப் போற ரயிலிலை வேதப்புத்தகத்தை மடியிலை வைச்சு, விரலாலை எழுத்தெழுத்தா ஊர்ந்தன். பேருகள் வாயிலை நிக்காது. அதாலை ஒவ்வொரு ராசாவுக்கும் ஒரு அடையாளம் வைச்சன். அபியாவுக்குப் பதினாலு பெண்சாதி, பாவம் மனுசன். ஆசாவுக்குக் காலிலை வருத்தம்; நாள் முழுக்க நிண்டு ஜன்னல் பூட்டுற எனக்கு அவர் சொந்தக்காரன் மாதிரி. யோராம் செத்தபோது ஒருத்தரும் கவலைப்படேல்லை. யோவாஸ் ஒளிச்சு வைச்சு வளத்த பிள்ளை.

சமோவாக்காரன் தங்கடை பாசை வேதத்தை வைச்சுக்கொண்டு சரி பாப்பான். ஒரு பேரை விட்டா, ஒரு நட்டை எடுத்து மேசையிலை டொக்கெண்டு தட்டுவான். திரும்பத் தாவீதிலை இருந்து துவங்க வேணும். ஒரு ஆள்தானே, விடன் எண்டு ஒருக்கால் கெஞ்சினன். அவன் சிரிக்கேல்லை. தங்கடை ஊரிலை வம்சம் சொல்லேக்கை ஒருத்தனை விட்டா அவன்ரை ஆக்கள் அந்த இடத்திலேயே எழும்பிச் சொல்லுவினமாம். எழும்பாட்டி, அவன் பிறக்கவே இல்லையெண்டு ஆகிடுமாம்.

இதுக்குள்ளை ஆராதனை வளந்திட்டுது. ஒரு கோயில் மண்டபத்தை ஞாயிறு பின்னேரத்துக்கு எடுத்தம். இஞ்சினியர் அண்ணை தலைவரானார், நான் கதிரை அடுக்கிறவன் ஆனன். அதிலை எனக்குக் குறையில்லை. கதிரை அடுக்க அஞ்சாம் வகுப்பே கூட. அஞ்சு வருசம் முடிய, டிசம்பர் மாசத்திலை ஒரு நினைவு மலர் அடிச்சினம். அந்த மலர்ப் பெட்டியளை வான் வண்டியிலை இருந்து இறக்கி உள்ளை கொண்டுபோய் வைச்சதும் நான்தான்.

மகள் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். இஞ்சை வளந்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அதிலை நானும் அவளும் ஒரே வகுப்பு. நடுப்பக்கத்திலை, ஆராதனையைத் துவக்கி வைச்ச குடும்பங்கள் எண்டு ஒரு வரிசை. மேலை இருந்து கீழை விரலை வைச்சுக்கொண்டு போனாள். திரும்பவும் மேலை இருந்து போனாள். பிறகு, நாங்கள் எந்தப் பக்கத்திலை எண்டு இங்கிலீசிலை கேட்டாள். மனிசியும் எட்டிப் பாத்தாள். அப்பிடியே திரும்பி, தேத்தண்ணி ஊத்த மண்டபத்துக் குசினிக்குப் போயிட்டாள். என்ரை பேர் வராதது பரவாயில்லை எண்டு நான் சொன்னால் அது பச்சைப் பொய். ஆனா அந்த முதுகைப் பாத்த பிறகு, அவளின்ரை பேர் வராமல் இந்தப் புத்தகம் வெளியிலை போகக் கூடாதெண்டு முடிவெடுத்திட்டன்.

நேரா இஞ்சினியர் அண்ணையிட்டைப் போய், எங்கடை குடும்பம் எங்கை எண்டு கேட்டன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

"தம்பி, துவக்கத்திலை வந்த ஆக்களைத்தான் போட்டிருக்கு. நீர் எங்கையிருந்து வந்தனீர்? அது உம்மடை வீடு. நீர் அங்கை இருந்தனீர்."

"வீட்டிலை இருந்தது குற்றமோ, அண்ணை?"

"அப்பிடி இல்லை. வேதத்திலை ஆண்டவற்றை வம்ச வரிசை பதினாலு, பதினாலு தலைமுறையாத்தான் வருது. நாங்களும் பதினாலா வைச்சா வடிவெண்டு யோசிச்சம். உமக்கு இதெல்லாம் விளங்காது."

விளங்காது எண்டதிலை பாதி உண்மை. மற்றப் பாதியைக் கேக்க அவருக்கு நேரம் இல்லை. அண்டைக்கு அந்த வம்ச வரிசையை வாசிக்கிறதே அவர்தான். கிறிஸ்மஸ் கிட்ட வரேக்கை வருசா வருசம் அதை வாசிக்கிறது எங்கடை வழக்கம். ஊரிலை அவற்றை தகப்பன் வாசிச்சவராம், தனக்குப் பிறகு தன்ரை மகன் வாசிப்பானாம்.

நான் கடைசிக் கதிரைக்குப் பின்னாலை நிண்டன். அண்ணைக்கு நல்ல குரல், குறை சொல்லேலாது. தாவீது, சாலொமோன், ரெகொபெயாம் எண்டு வந்தார். என்ரை வாயும் சத்தமில்லாமல் கூடவே போச்சு. அபியா, ஆசா, யோசபாத், யோராம். அங்கையிருந்து நேரா உசியாவுக்குப் பாஞ்சிட்டார். எனக்குக் காதுக்குள்ளை நட்டுத் தட்டின மாதிரிக் கேட்டுது.

"அண்ணை, நடுவிலை மூண்டு பேரை விட்டிட்டியள்."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பாத்தது. நான் ஏதோ பகிடி விடப் போறன் எண்டு ரெண்டு பேர் முன்கூட்டியே சிரிச்சினம். என்னிலை அவ்வளவு நம்பிக்கை.

"எழுதியிருக்கிறதைத்தான் வாசிக்கிறன். இரும்," எண்டார் அண்ணை.

"யோராமுக்குப் பிறகு அகசியா. அவனுக்குப் பிறகு யோவாஸ். அவனுக்குப் பிறகு அமத்சியா. அதுக்குப் பிறகுதான் உசியா."

அண்டைக்குப் பிரசங்கத்துக்குக் கிளென்ஃபீல்டிலை இருந்து ஒரு போதகர் வந்திருந்தார், மலேசியாக்காரர். அவர் தன்ரை புத்தகத்தைப் பின்னுக்குப் புரட்டி, ராசாக்களின்ரை கதை இருக்கிற இடத்துக்குப் போனார். விரலை வைச்சு ஒவ்வொரு பேராப் பாத்தார்.

"அவர் சொல்றது சரிதாங்க. இந்த வரிசையில மூணு பேரை விட்டுத்தான் எழுதியிருக்கு," எண்டார்.

அண்ணை விடேல்லை. அவை கெட்ட ராசாக்கள், அதாலை கழிச்சிருக்கும் எண்டார். இதுக்குத்தானே நான் நாலு மாசம் ரயிலிலை ஊர்ந்தனான்.

"அப்ப மனாசே? ஊர் முழுக்க ரத்தம் ஓட விட்டவன், அவன் பதினாலுக்குள்ளை வடிவாக் குந்தியிருக்கிறான். யோவாஸ் குழந்தை, அண்ணை. அவன்ரை அப்பம்மா அத்தாலியாள் ராச வம்சத்தை முழுக்க வெட்டேக்கை, மாமிக்காரி ஒருத்தி அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு அறையிலை ஒளிச்சு வைச்சாள். அவள் ஒளிச்சு வைச்சிராட்டி உசியா எங்கை, உங்கடை மிச்ச வரிசை எங்கை? வம்சம் தப்பினதே அந்த அறையிலைதான். நீங்கள் அறையை விட்டிட்டு வாசிக்கிறியள்."

இவ்வளவு நேரம் பகிடி இல்லாமல் நான் கதைச்சது அதுதான் முதல் தரம். குசினி வாசலிலை மனிசி தேத்தண்ணித் தட்டோடை நிண்டாள். என்னை ஏசப் போறாள் எண்டு நினைச்சன். அவள் தட்டைக் கீழை வைக்காமல் அப்பிடியே நிண்டாள். அண்ணை மிச்ச ராசாக்களை ரயில் வேகத்திலை வாசிச்சு முடிச்சார்.

முடிய வந்து, அடுத்த மலரிலை பாப்பம் எண்டார். அடுத்த மலர் வர இன்னும் அஞ்சு வருசம். ஆக்களின்ரை வரவு பதியிற புத்தகத்தோடை கட்டியிருந்த நீலப் பேனையை நான் அவிட்டு எடுத்தன். சின்னப் பிள்ளையளின்ரை கதிரை ஒண்டை வாசலிலை போட்டு, பெட்டியளைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு இருந்தன். மகள் நடுப்பக்கத்தை விரிச்சு விரிச்சுத் தந்தாள். பதினாலுக்குக் கீழை பதினைஞ்சு எண்டு போட்டு, முதல்லை மனிசியின்ரை பேர், பிறகு என்ரை, பிறகு மகளின்ரை. ஒவ்வொரு புத்தகத்திலையும். வெளியிலை போற எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போகவேணும். சிலர் பொறுமையா நிண்டு வாங்கிச்சினம், சிலர் மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து வாங்கிச்சினம். எழுதாத புத்தகம் ஒண்டும் வாசலைத் தாண்டேல்லை.

கடைசியா இஞ்சினியர் அண்ணை வந்தார். அவற்றை புத்தகத்தை மடியிலை வைச்சு எழுதிக்கொண்டிருந்தன். கதிரை நிலத்தோடை ஒட்டினது. என்ன எழுதுறன் எண்டு பாக்க, அவர் நல்லாக் குனிய வேண்டி வந்தது.

"எழுத்துக் கோணலாக் கிடக்கு, தம்பி."

"கராஜ் கதவும் கோணல்தானே, அண்ணை. நீங்கள் வந்தனீங்கள்."

அவர் குனிஞ்சபடியே கையை நீட்டினார். மை காயட்டும் எண்டு சொல்லி, மூண்டு பேருக்கு மேலையும் ஊதி, ஆறுதலாக் குடுத்தன்.