தொட்டிலைச் செய்தவர் அக்கா

எங்கள் அக்கா போய் ஓராண்டு ஆகிவிட்டது. இன்றைய ஜெபக் கூட்டத்துக்கு வந்து, பந்தி போடும்வரை இந்த நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் அக்காவின் ஒரே தம்பி எழுதுவது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சகத்தில் திருத்தியிருப்பார்கள். விஷயத்தைத் திருத்திவிடாதீர்கள் என்று அவர்களிடம் இரண்டு முறை போய்ச் சொன்னேன். மனசு கேட்காமல் மூன்றாவது முறையும் போனேன். கடை பூட்டியிருந்தது.

அக்கா பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்தவர். அப்பா கல் லாரி ஓட்டினார். அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தார். அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதிமூன்று. குடும்பக் கஷ்டத்துக்காகத் தம்பி படிப்பை விட்டான் என்று நம் வீடுகளில் சொல்வீர்கள். அதுவும் உண்மையில்லை. கணக்கு வாத்தியாருக்குப் பயந்துதான் விட்டேன். "போடா, போய் உக்காருடா, கடிச்சா சாப்புடப் போறாரு?" என்று அக்கா என்னைப் பள்ளிக்கூட வாசல்வரை தள்ளிக்கொண்டு போவார். அவர் திரும்புவதற்கு முன் நான் வேறு வழியில் வீட்டுக்கு வந்துவிடுவேன். பிறகு ஒரு டூவீலர் மெக்கானிக்கிடம் சேர்ந்தேன். இன்றுவரை அதே வேலைதான்.

அக்கா தட்டச்சுப் படித்து, தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தார். அங்கேயே முப்பத்தோரு வருடம். சேலையூரில் நாங்கள் கட்டிய வீட்டில் கீழே நானும் என் மனைவியும், மாடியில் ஒற்றை அறையில் அக்கா. அவருக்குக் கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று சிலர் இந்த மலரிலும் தேடுவீர்கள். அது இதில் இல்லை. உயிரோடு இருக்கும்போது அவரிடமே போதுமான அளவு கேட்டுவிட்டீர்கள்.

அக்காவின் கட்டில் கால் உடைந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தச்சர் ஒருவர் செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார். எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை. ஒரு மாதம் கட்டிலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துப் படுத்த அக்கா, பிறகு போனில் வீடியோ பார்த்து, பழைய ஜன்னல் சட்டத்தில் ஒரு கால் அறுத்துத் தானே மாட்டினார். மற்ற மூன்று கால்களும் ஆடின. அது மட்டும் ஆடவில்லை. அவருக்கு அப்போது ஐம்பது வயது.

மரத்தைச் சீவி வழவழப்பாக்க இழைப்புளி வாங்கக் கடைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்தே பேசினார். அக்கா கையை நீட்டியதும், "வேலை செய்யிறவர் புடிச்சிப் பாக்கட்டும்மா, உங்களுக்கு எதுக்கு?" என்றார்.

"நான்தாங்க வேலை செய்யிறவ."

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்த இழைப்புளி அக்காவின் கைக்குப் பெரியது. அவருக்குச் சின்னக் கை, விரல்கள் குட்டை. பிடிக்குள் விரல் நிற்காமல் நழுவியது. அக்கா அதை அலமாரியில் வைத்துவிட்டுத் தனக்கென்று ஒன்று செய்தார். உடம்புக்குப் புளியங்கட்டை. தகட்டுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. அதைத் துண்டு போட்டுக் கொடுத்தது மட்டும்தான் என் வேலை. அக்காவே மூன்று நாள் கல்லில் தீட்டினார். அதன் பிறகு மரச் சுத்தியல், உளிகளுக்குப் பிடி, ஓரத்தை ஒட்டிக் கோடு கிழிக்கும் கட்டை, பசை காயும்வரை பலகைகளை நெருக்கிப் பிடிக்கும் இடுக்கிகள் எல்லாம் அவரே செய்துகொண்டார். எல்லாம் அவர் கை அளவு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஷீட் கூரை போட்டுக் கொடுத்தேன். அவர் ரம்பம் எடுத்தால் நான் பஞ்சும் டெட்டாலும் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். "கீழ போடா. நீ மூச்சு வுடுற சத்தத்துல எனக்குக் கோடு கோணுது" என்பார். ஒரு நாள்கூட அவருக்கு ரத்தம் வரவில்லை. பஞ்சு எடுக்கப் போய்ப் படியில் தடுக்கி என் கால்தான் பிசகியது.

செய்ததையெல்லாம் படம் எடுத்து நம் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவார். முதலில் ஒரு முக்காலி. அதற்குக் கீழே வந்த முதல் பதில், "தம்பி சூப்பரா பண்ணியிருக்கான்." அக்கா, "நான் பண்ணது" என்று எழுதினார். மூன்று பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அடுத்து மசாலாப் பெட்டி. "தம்பிக்கு என் வாழ்த்தைச் சொல்லு." அடுத்து செருப்பு அலமாரி. "தம்பிகிட்ட சொல்லி எனக்கும் ஒண்ணு." கேட்டவர்களுக்கெல்லாம் செய்தும் கொடுத்தார். அக்கா ஒவ்வொரு முறையும் "நான்தான்" என்று எழுதினார். பிறகு "நான்" என்று மட்டும் எழுதினார். பிறகு அதையும் எழுதவில்லை. நான் அந்தக் குழுவில்தான் இருந்தேன். ஒவ்வொரு முறையும் டைப் அடித்தேன், அனுப்புவதற்கு முன் அழித்தேன். ஏதாவது தப்பாகிவிடும் என்று பயம். என்ன தப்பாகும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்புறம்தான் தொட்டில். குரோம்பேட்டையில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகன், நம் எல்லோருக்கும் மூத்த அண்ணன், எனக்குப் போன் செய்தார். பேரனுக்கு ஞானஸ்நானம் வருகிறது, நீ ஒரு தொட்டில் செய்து கொடு என்றார். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். பக்கத்தில் உளி தீட்டிக்கொண்டிருந்த அக்கா, சரியென்று சொல் என்று தலையசைத்தார். சொன்னேன்.

இரண்டு மாதம் செய்தார். இருபத்திரண்டு கழிகள். ஒவ்வொன்றையும் இழைத்து, உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தன் கன்னத்தில் உரசிப் பார்ப்பார். கன்னத்தில் பட்டு உறுத்தினால் மறுபடியும் தேய்ப்பார். குழந்தை படுக்கிற இடம் என்று ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. எல்லாம் மரத்தில் மரம் இறங்கிய பொருத்து.

ஞானஸ்நான விருந்தில், நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள், அண்ணன் மைக்கைப் பிடித்தார். "எட்டாங்கிளாஸ் படிச்சவன். ஆனா ஆண்டவர் அவன் கையில என்னா ஒரு வரத்தக் குடுத்திருக்காரு பாருங்க!" என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். நீங்கள் கை தட்டினீர்கள். அந்த 'எட்டாங்கிளாஸ்' என்ற வார்த்தையை நம் வீட்டு விசேஷங்களில் நான் நாற்பது வருடமாகக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் கைதட்டல் வந்தது அன்றுதான். மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. "தேங்க்ஸ்ண்ணா" என்றேன். மூன்றாவது வரிசையில் அக்காவும் தட்டினார்.

திரும்பி வரும்போது அக்கா வண்டியில் பின்னால் உட்கார்ந்து, சானடோரியம் ஸ்டேஷன்வரை முந்தானையை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டே வந்தார். பிறகு, "ஏண்டா, வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்றார்.

"நீதானக்கா சரின்னு சொல்லச் சொன்ன."

"தொட்டிலுக்குச் சொன்னேன். சால்வைக்கா சொன்னேன்?"

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் எப்போதும் அதைப் பேசவில்லை. குழுவில் படம் போடுவது நின்றது. கேட்டேன். "யாரு செஞ்சதுன்னு போடறது?" என்றார். வேலையை விடவில்லை. செய்து செய்து தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கினார். ஒரு குட்டி ஏணி, இரண்டு பெஞ்சு, புத்தகம் விரித்து வைக்கும் பலகை. அக்கா படம் போடவில்லையே என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது தாமதமாகியிருந்தது. எட்டு மாதம் பொறுத்துக்கொண்டார். கடைசி வாரத்தில் அண்ணன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அக்கா செய்த பலகையில் விரித்திருந்த பைபிளை வாசித்து ஜெபம் செய்தார். கிளம்பும்போது அக்காவிடம் குனிந்து, "தம்பிகிட்டச் சொல்லும்மா, எனக்கும் ஒரு பைபிள் பலகை செஞ்சிக் குடுக்கச் சொல்லு. நான் சொன்னா டிமிக்கி குடுப்பான்" என்று சிரித்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் ஆப்பிள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"சொல்றேண்ணா" என்றார் அக்கா.

அதற்கு மூன்றாம் நாள் போய்விட்டார். உடல் கீழே ஐஸ் பெட்டியில் இருந்தது. கல்லறையில் நட மரச் சிலுவை வேண்டும். வாங்கிவரத் தெருப் பையன் ஒருவனை அனுப்பப் போனேன். அண்ணன் தடுத்துவிட்டார். "கடையில எதுக்கு? உன் கையால செய்டா. அதுதான் அவளுக்கு மரியாத." சுற்றி நின்ற எல்லோரும் ஆமாம் என்றீர்கள்.

மாடிக்குப் போனேன். அந்தப் புளியங்கட்டை இழைப்புளியை எடுத்தேன். என் விரல்கள் நான்கும் அதில் நுழையவில்லை, இரண்டுதான் நுழைந்தன. தள்ளினால் மரத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. இரண்டு கட்டையைக் குறுக்கே பொருத்த வேண்டும். அக்கா கால் மணி நேரத்தில் முடித்திருப்பார். நான் இரண்டு மணி நேரம் வெட்டி, மூன்று கட்டையைப் பாழாக்கி, கடைசியில் ஆணி அடித்து இறக்கினேன். அதுவும் கோணல். கல்லறைத் தோட்டத்தில் குழிக்கு மேல் நட்டபோது குறுக்குக் கட்டை ஒரு பக்கம் தொங்கியது. இப்போதாவது யாராவது கேட்பீர்கள் என்று நினைத்தேன். அண்ணன் என் தோளில் கை போட்டார். "பாவம், துக்கத்துல அவனுக்குக் கை ஓடல" என்றார். பெண்கள் அழுதீர்கள். ஆணி வைக்காமல் தொட்டில் செய்தவருடைய தலைமாட்டில் ஒரு வருடமாக நிற்கிறது அந்தச் சிலுவை.

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளி வண்டியை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, போய்ச் சொல்லிவிட்டேன். தொட்டில் நான் செய்யவில்லை, எதையுமே நான் செய்யவில்லை என்று. அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்டா. உன் கை ஸ்பேனர் புடிக்கிற கை. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏண்ணா சால்வை எனக்கு?"

"மேடையில ஏத்தி, இந்தப் பொம்பள மரவேல செஞ்சான்னு சொன்னா நாலு பேரு சிரிக்க மாட்டான்? அவளுக்குத்தான அசிங்கம்? வுடுறா. மலர்ல இதெல்லாம் போடாத. அன்பானவ, ஜெபிக்கிறவ, பொறுமசாலின்னு எழுது."

அக்கா அன்பானவர், ஜெபிக்கிறவர், பொறுமைசாலி. எழுதிவிட்டேன், அண்ணா. மற்றதையும் எழுதிவிட்டேன். அண்ணனுக்கே தெரியும் என்றால் உங்களில் இன்னும் எத்தனை பேருக்குத் தெரியுமோ. உங்கள் வீட்டில் நான் செய்ததாக ஒரு முக்காலியோ அலமாரியோ இருந்தால், அது அக்கா செய்தது. இனி யாரும் தெரியாது என்று சொல்ல வேண்டாம்.

நன்றி சொல்ல வேண்டும். எட்டு மாதமும் அக்காவைக் குளிப்பாட்டித் துணி மாற்றிய என் மனைவிக்கு நன்றி. அடக்கத்துக்கும் இன்றைய கூட்டத்துக்கும் வந்த சபையாருக்கு நன்றி. பந்தியில் பரிமாறப்போகும் பிள்ளைகளுக்கு நன்றி.

இன்னும் ஒருவர் உண்டு. வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இரும்பு விற்பவர். போன மாதம் அவரிடம் போய் அக்கா இறந்துவிட்டதைச் சொன்னேன். "மேஸ்திரிம்மாவா? அய்யோ, இன்னா சார் சொல்ற? அவுங்களுக்குன்னு ஒரு பட்ட எட்த்து வெச்சிக்கீறேனே, ஒரு வருசமா. கேட்டவன் எவனுக்கும் குடுக்கல சார்" என்று கோணிக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். மேஸ்திரிம்மா. அவர் ஒருவர்தான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கே அது அன்றுதான் தெரியும்.

அவர் நமக்குச் சொந்தமில்லை, அதனால் மலர் கொடுக்கும் பட்டியலில் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அந்தச் சந்தை இரைச்சலில் மெதுவாக வாசித்தால் காதில் விழாது.