மிளகாய்ப் பாத்திக்குள் பிடுங்கிய கீழ்க்காய்நெல்லி

என் கண்கள் மஞ்சளாகிவிட்டன என்று எனக்குச் சொல்ல வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. சவரம் செய்யக் கண்ணாடியை எடுத்தபோது நானாகவே கண்டேன். கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாயில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நயினாதீவு அம்மாளின் அடியார்களே, நான் மடத்துவெளியில் தனியாக இருப்பவன். கலியாணம் செய்யவில்லை. ஒரே தங்கச்சி கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். நாலு பேர் கூடி நின்றால் மற்ற ஒழுங்கையால் போகிறவன் நான். கோவிலில் எழுந்து நின்று பேச எனக்கு ஏலாது. ஆகவே எழுதித் தருகிறேன்.

இது எழுபதுகளின் தொடக்கத்தில், வெளிநாட்டு மிளகாய் வருவது நின்றுபோன காலத்தில் நடந்தது. கிணறு உள்ளவர்கள் எல்லாரும் மிளகாய் வைத்தார்கள். செடிக்குப் புழு வந்தது, பேன் வந்தது, மருந்தும் வந்தது. அந்த மருந்தை அடிப்பது என் தொழிலாயிற்று. மருந்துத் தாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு பாத்தி பாத்தியாக நடக்க வேண்டும். ஒருவரோடும் பேசத் தேவையில்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

சட்டை பழுதாகிவிடும் என்று வெறும் மேலோடுதான் அடிப்பேன். தாங்கியின் மூடியால் மருந்து கசிந்து முதுகில் வழியும். சோளகக் காற்று பாதியை என் முகத்திலேயே கொண்டுவந்து போடும். அந்தக் கையாலேயே வெற்றிலை போடுவேன். தலைச்சுற்று வந்தால் வெயில் என்று நினைப்பேன்.

கண் மஞ்சளானது செங்கண்மாரியால் என்று தெரிந்ததும் வேலையை நிறுத்தினேன். ஆசுபத்திரிக்குப் போகவில்லை. அங்கே கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். என் தகப்பனாருக்கு இந்த வருத்தம் வந்தபோது கீழ்க்காய்நெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் குடித்துத்தான் சுகமானவர். எனக்கும் அது போதும் என்று எண்ணினேன்.

ஆனால் ஆனி மாதத்தில் எங்கள் தீவில் பச்சையாக என்ன இருக்கும்? வளவெல்லாம் காய்ந்து கிடந்தது. தண்ணீர் இறைக்கிற தோட்டத்தில் மட்டும்தான் புல்பூண்டு முளைத்திருந்தது. பக்கத்து வளவு மனோன்மணி அக்காவின் மிளகாய்த் தோட்டம் அது. பாத்தி ஓரங்களில் கீழ்க்காய்நெல்லி செழித்து நின்றது.

மூலிகையைப் பொழுது ஏறமுன், வெறும் வயிற்றோடு, வாய் திறவாமல் பிடுங்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். குடித்து முடிக்கும்வரை ஒருவரோடும் பேசக்கூடாது. இது எனக்குச் சொல்லிவைத்தது போன்ற பத்தியம். விடிகிற நேரம் வேலியில் ஓலை விலகியிருந்த பொட்டுக்குள்ளால் புகுந்து பிடுங்கிக்கொண்டு வந்து, கழுவி அரைத்துக் குடித்தேன். உப்பையும் புளியையும் விட்டேன். குணம் தெரியவில்லை. இன்னும் ஒரு பிடி கூட்டினேன். சாப்பாட்டு மணமே குமட்டியது. வலது விலாவின் கீழ் கல்லை வைத்தது போல இருந்தது. உடம்பெல்லாம் அரித்தது. கிணற்றில் வாளியை இழுக்கக் கையில் பலம் இல்லாமல் போயிற்று.

ஒருவரும் வரவில்லை. வேலிப் படலையை நான்தான் உள்ளால் கட்டி வைத்திருந்தேன். ஆனாலும் ஒருவரும் வரவில்லையே என்று மனம் நொந்தேன். நயினாதீவில் திருவிழா. படகேறப் போகிற சனங்கள் பஸ்ஸிலே தேவாரம் பாடிக்கொண்டு என் படலையைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு வருடமும் போகிறவன் நான். அந்த வருடம் பாயில் கிடந்தபடி சத்தத்தைக் கேட்டேன். இப்படியே செத்தால் மணம் வந்த பிறகுதான் ஊருக்குத் தெரியவரும் என்று நினைத்தேன். அழுகை வந்தது.

அன்று பின்னேரம் எழும்பி இருந்து, நயினாதீவுப் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். “அம்மாளாச்சி, உயிரைத் தா எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை. என்னோடை ஒரு சொல்லுப் பேச ஆரையாவது அனுப்பு தாயே” என்றேன். அவ்வளவுதான் கேட்டேன்.

அடுத்த நாள் விடியற்காலை பாத்தியில் குந்தியிருந்தேன். பின்னால் ஒரு குரல் வெடித்தது.

“ஆரது? என்ரை தோட்டத்துக்கை என்ன பிடுங்கிறாய்?”

மனோன்மணி அக்கா. வழமையாக அந்த நேரம் வருகிறவர் அல்ல. பத்தியம் கெட்டுவிடுமே என்று நான் பேசாமல் இருந்தேன்.

“கேக்கிறன், வாய்க்குள்ளை கொழுக்கட்டையே வைச்சிருக்கிறாய்? திரும்படா!”

திரும்பினேன். அவர் கையில் இருந்த தடி கீழே இறங்கியது.

“ஐயோ, செல்லத்துரையே? நீர் தங்கச்சி வீட்டை போயிட்டீர் எண்டெல்லோ நாங்கள் நினைச்சம். உதென்ன கண்? கையிலை என்ன?”

“கீழ்க்காய்நெல்லி அக்கா. செங்கண்மாரிக்கு.”

“உமக்கென்ன விசரே? முந்தநாள்தானே என்ரை மனுசன் இதுக்கு மருந்தடிச்சவர்!”

“மிளகாய்க்குத்தானே அக்கா அடிக்கிறது” என்றேன். அத்தனை காலம் மருந்தடித்த நான் உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தேன். செடிக்கு அடிப்பது செடிக்குத்தான். நிலத்தில் விழுவதை நான் கணக்கிலேயே எடுத்ததில்லை. “கழுவிப்போட்டுத்தான் குடிக்கிறனான்.”

“ஓமோம், கழுவினா நஞ்சு சர்பத்தாப் போயிடும்! போத்திலிலை மண்டையோடு கிடக்கு, ஆட்டைக்கூட உள்ளை விடாதையுங்கோ எண்டு சொன்னது ஆர்? நீரெல்லே! ஆட்டுக்கு ஒரு ஞாயம், உமக்கொரு ஞாயமோ?”

திட்டிக்கொண்டே என் கையில் இருந்ததைப் பறித்து எறிந்தார். திட்டிக்கொண்டே என் தோளைப் பிடித்து எழுப்பினார். அத்தனை நாளில் என்னை ஒரு மனிதர் தொட்டது அப்போதுதான். நான் அந்த இடத்திலேயே விம்மி விம்மி அழுதேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “சரி, சரி, நான் பேசினது கூடிப்போச்சு” என்றார். கூடவில்லை, அடியார்களே. நான் ஒரு சொல் கேட்டேன். அம்மாள் அள்ளிக் கொடுத்தாள்.

அன்றே அக்காவின் கணவர் என்னை ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “எனக்கும் ஆசுபத்திரி எண்டால் பயம்தான்.” டாக்குத்தர் என் விலாவின் கீழ் அமத்திப் பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். “இது எதனால் வந்தது எண்டு என்னாலை அடிச்சுச் சொல்ல ஏலாது. ஆனால் ஈரல் நொந்துபோய்க் கிடக்குது. அதுக்கு மேலை நீர் நஞ்சை அரைச்சு ஊத்தியிருக்கிறீர். இனி மருந்துத் தாங்கியைத் தொடக் கூடாது” என்றார். பக்கத்தில் நின்றவரையும் விடவில்லை. “நீரும் வெறும் மேலோடையே அடிக்கிறனீர்?” என்று கேட்டார். அவர் என் பின்னால் ஒதுங்கினார்.

வார்டில் கிடந்த நாட்களில் அக்கா வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. கண் வெளுக்கப் பல கிழமை சென்றது. பழைய பலம் முழுதாக வரவில்லை. ஆனால் உயிரோடு வந்தேன்.

மறு வருடத் திருவிழாவுக்கு அவர்களோடு படகேறினேன். சந்நிதியில் கேட்பதற்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று நான் மருந்து அடிப்பதில்லை. புல்லுப் பிடுங்குகிறேன், தண்ணீர் கட்டுகிறேன். அடிக்கிற பெடியன்களைக் கண்டால், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, சட்டை போடு, காற்றுக்கு எதிரே நில்லாதே, குளித்துவிட்டுச் சாப்பிடு என்று சொல்லுகிறேன். சிரிக்கிறார்கள். சிலர் சட்டை போடுகிறார்கள்.

தோட்ட வேலை செய்கிறவர்களே, கண் மஞ்சளானால் வீட்டில் ஒளித்துக் கிடக்காதீர்கள். அம்மாளைக் கூப்பிடுங்கள். அவள் அனுப்புகிற ஆள் எந்தக் குரலில் வந்தாலும் படலையைத் திறவுங்கள். ஆசுபத்திரிக்குப் போங்கள். துணைக்கு ஒருவரும் இல்லையென்றால் மடத்துவெளிக்கு வந்து என்னைக் கேளுங்கள். வழியில் நான் அதிகம் கதைக்க மாட்டேன். ஆனால் ஆசுபத்திரியில் உங்கள் பெயரைக் கூப்பிடும்வரை, மர வாங்கில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.