பேரருவி விசில்

குற்றாலத்துச் சாரலில் குளித்தவர்களுக்குத் தெரியும். பேரருவியில் தண்ணீர் கூடினால் போலீஸ்காரர் விசில் ஊதுவார், எல்லாரும் எண்ணெய்த் தலையோடு ஓடி வெளியே வரவேண்டும். அப்படி ஊதுகிறவர்களில் என் தம்பியும் ஒருத்தன். மற்ற நாளில் கேரள எல்லையில் புளியறை செக்போஸ்ட்டில் லாரிகளை மறிப்பான், சீசன் வந்தால் அருவி டூட்டி. அவன் ஊதினால் மேலகரத்தில் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும் என்று அம்மா அளப்பாள்.

நான் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் ரத்தத்து வெள்ளை அணுக்களைப் பார்த்தே தலை நரைத்தவள். அதில் லிம்போசைட் என்று ஒரு வகை. வைரஸ் உள்ளே நுழைந்தால் அடையாளம் கண்டு அடிக்கிற கூட்டம். சில சமயம் அது புத்தி பிசகி நம் உடம்பையே அடிக்கும். ஏன் அடிக்கிறது என்று தேடுவதுதான் என் பிழைப்பு. இதை ஊரில் புரியவைக்க நான் பட்ட பாடு! தம்பிதான் ஒரே போடாகப் போட்டான். "எக்கா, நீயும் செக்போஸ்ட்தான் பாக்குதே. எனக்கு லாரி, ஒனக்கு ரத்தம்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லையே!

ஒரு சீசனில் அவனுக்கு வைரஸ் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட மறுவாரம் காலிலிருந்து செருப்பு கழன்று விழுகிறது, அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. போனில் அவன் பொண்டாட்டி சொல்லச் சொல்ல எனக்கு நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. வைரஸை அடிக்கக் கிளம்பிய கூட்டம், அதன் சாயலில் இருக்கிற நரம்பின் உறையை அடிக்க ஆரம்பித்துவிட்டது. காலில் தொடங்கி மேலே ஏறும். மார்புக்கு வந்தால் மூச்சு நின்றுபோகும். இதைப் பற்றி எத்தனை மேடையில் அலட்டியிருக்கிறேன்! அன்றைக்கு பஸ்ஸில் வழி நெடுக அழுதுகொண்டே வந்தேன்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவன் முகம்கூடத் தளர்ந்து கிடந்தது. உதடு சேரவில்லை. டாக்டர் வந்து வந்து ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். மூச்சு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிற வழி அது. காலையில் இருபதைத் தாண்டினவன் சாயங்காலம் பத்துக்கே திணறினான். இன்னும் குறைந்தால் தொண்டையில் குழாய் போடவேண்டும்.

அவன் பொண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மைனி, நீங்க இத்தன வருசமா இதத்தான படிச்சிய? அவியள எந்திரிச்சு நடக்க வையிங்க."

அந்த அணுக்களின் குலம் கோத்திரம் எல்லாம் எனக்கு அத்துப்படி. நிறுத்தத்தான் தெரியாது.

தம்பி குழறிக் குழறிக் கேட்டான். "எக்கா, செக்போஸ்ட்ல ஆள் மாறாட்டமா?"

"ஆமாலே."

"அப்ப ஏட்டையாவ மாத்தணும்."

அந்த நிலைமையிலும் நக்கல்! நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

அவனுக்கு இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்துச் சேர்க்கிற எதிர்ப்புப் புரதம். எத்தனையோ தடவை படித்த சங்கதிதான், ஆனால் பாட்டிலை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். யார் யாரோ, எந்த ஊரோ, என்ன சாதியோ! அவரவர் கண்ட அம்மையும் சளியும் காய்ச்சலும் பழக்கிவைத்த காவல் எல்லாம் சேர்ந்து, ஒரு மேலகரத்துப் போலீஸ்காரன் கையில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அது எப்படி அந்தக் கூட்டத்தை அடக்குகிறது என்று எங்களுக்கே முழுசாகத் தெரியாது. பாட்டிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். நர்ஸ் சிரித்தாள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

அவன் ஒரே மூச்சில் எண்ணுகிற எண்ணிக்கை இறங்குவது நின்றது. அப்புறம் ஒன்றும் இரண்டுமாக ஏறியது. குழாய் போடவில்லை.

என்னை அடிக்கக்கூடிய அணுக்கள் என் ரத்தத்திலும் இருக்கின்றன. உங்கள் ரத்தத்திலும்தான். ஏதோ ஒன்று ஒவ்வொரு நொடியும் அவற்றைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. ஏன் அடிக்கிறது என்று கேட்டே காலம் போய்விட்டது. அடிக்காமல் இருக்கிறதே, அம்மாடி, அது எவ்வளவு பெரிய காரியம்! ஊர் உலகத்தில் இத்தனை பேர் காலையில் எழுந்து, தன் காலில் நடந்துபோய்ப் பல் தேய்க்கிறார்கள். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் புல்லரிக்கும்.

அவனுக்கு மெல்ல மெல்ல நடை வந்தது. விசில் மட்டும் வரவில்லை. உதட்டோரம் காற்று புஸ்ஸென்று ஒழுகிவிடும். ஸ்டேஷனில் எழுத்து வேலை கொடுத்து உட்கார வைத்தார்கள். "ஊதத் தெரியாதவன் என்ன போலீசு?" என்று ஒருநாள் விசிலைத் தூக்கி எறிந்தான். அவன் பொண்டாட்டி எடுத்துக் கழுவி, மறுபடியும் அவன் கழுத்தில் மாட்டினாள்.

இந்தச் சீசனுக்கு லீவில் வந்து, பேரருவியில் பெண்கள் பக்கம் நின்று குளித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று விசில். தண்ணீர் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு நீளமாக வந்தது. பெண்கள் எல்லாம் ஓடினார்கள். நான் கம்பியைப் பிடித்தபடி என்னையறியாமல் எண்ண ஆரம்பித்தேன். இருபதைத் தாண்டியும் அந்த மூச்சு நிற்கவில்லை.

"ஏம்மா, பச்சச் சேல! காது கேக்கலியா? வெளிய வாங்க!"

சாரலில் சொந்த அக்காவை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. டூட்டிக்குத் திரும்பிவிட்டதை என்னிடம் மூச்சுவிடவில்லை, கள்ளப்பய. நான் வெளியே வந்து, சொட்டச் சொட்ட அவன் முன்னால் போய் நின்றேன்.

"ஏலே, இன்னொருவாட்டி ஊதுலே."

ஊதினான்.