காது டாக்டர் பார்த்த பிறகு

கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தார் கணவர். லேத் பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இது அவர் வேலை. மனைவி தொட்டால், "மூலையே சேரல, விடு" என்பார்.

அவளுக்கு ஆஸ்பத்திரி விசாரணை மேசையில் வேலை. முட்டி வலியா, எலும்பு டாக்டர். படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறதா, இதய டாக்டர். அரிப்பென்று வந்தவர் சட்டைக் கையைச் சுருட்டுவதற்குள், "தோல் டாக்டர், இடது பக்கம்" என்று அனுப்பிவிடுவாள். வீட்டு மாடிப்படியிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள் விடமாட்டார்கள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு எதுக்கெடுத்தாலும் கோவம் வருது. எந்த டாக்டரு?"

"அதுக்கு டாக்டர் இல்லடி. அவரைப் பெத்தவங்களைப் போய்க் கேளு."

சாப்பிடும்போது அன்றைய கதையெல்லாம் கணவருக்கு வந்துவிடும். மறதி என்று வந்தவர்களை நரம்பு டாக்டரிடம் அனுப்பிய கதையை மட்டும் குரலை இறக்கிச் சொல்வாள்.

சில மாதமாக எதைக் கேட்டாலும் அவர், "ஆங்? கேக்கல, சத்தமா சொல்லு" என்றார். பட்டறைச் சத்தம் காதைத் தின்றுவிட்டது என்று முடிவு கட்டி, இன்று காலை காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். சத்தம் கேட்டால் அழுத்தச் சொல்லிக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். வேலை என்று கொடுத்துவிட்டால் அவருக்கு ஒழுங்காகத்தான் செய்ய வரும். கொசு முனகுகிற சத்தத்துக்குக்கூட அழுத்தினார்.

"எனக்கே இவ்வளவு கேக்காது," என்று சிரித்தார் டாக்டர்.

இப்போது போர்வையின் மறுமுனையைப் பிடித்தபடி அவள் கேட்டாள். "காது நல்லாத்தானே இருக்கு. அப்புறம் ஏங்க?"

அவர் மூலையோடு மூலை சேர்த்தார். "நீ திரும்பச் சொல்றதுக்குள்ள ஞாபகம் வந்துடும். சில நேரம் வராது. நேத்து போன்ல பேசினது நம்ம பொண்ணுன்னே தெரியல."

"எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ எந்த டாக்டர்கிட்ட அனுப்புவன்னு தெரியுமே. காதுன்னு நீயே சொன்ன. சரி, காதாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"சரியான கள்ளன் நீங்க." முழங்கையால் இடித்தாள். இடித்த கையை அவர் தோளிலேயே வைத்துக்கொண்டாள். "நாளைக்குப் போயிடலாம். நானும் கூட உள்ள வர்றேன்."

"அந்த நரம்பு டாக்டர் சரி பண்ணிடுவாரா?"

மேசைக்கு முன்னால் நின்று எத்தனையோ பேர் கேட்டதுதான். எந்த அறை என்று சொல்வதோடு அங்கே அவள் வேலை முடிந்துவிடும்; இங்கே முடியாது. மடித்த துணிகளை இரண்டு கையாலும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவர் மடித்த அடுக்கு குலையாமல், கதவை முதுகால் தள்ளி, அலமாரி இருந்த அறைக்குப் போனாள்.