மைக்கம்மா திருப்பிவைத்த கடிகாரம்

அந்த ரயில் நிலையத்தில் அவரை எல்லாரும் மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருடமாக அறிவிப்பாளர். முகத்தை வைத்து அவரை அடையாளம் கண்டவர்கள் குறைவு. காய்கறிக் கடையில் "அரைக் கிலோ போடுங்க" என்று அவர் சொன்னதும் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். "எங்கேயோ கேட்ட குரலா இருக்கே" என்பார். ஒரு டாக்ஸிக்காரர், "உங்களாலதான் என் பாதி வாழ்க்கை பிளாட்பாரத்துல போச்சு" என்று சண்டைக்கே வந்துவிட்டார். மைக்கம்மாவுக்கு அதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது.

பிறர் குரலை எடுத்துப் பேசவும் அவருக்கு வரும். பள்ளியில் படிக்கும்போது தலைமையாசிரியை குரலில் ஒரு அதட்டுப் போட்டு முழு வகுப்பையும் எழுந்து நிற்கவைத்தவர். இதைத் திறமை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஒருவருடைய குரலை எடுக்கும்போது அவர் தடுமாறும் இடத்தைத்தான் முதலில் எடுக்கிறோம். சிரிப்பு வருவதும் அந்த இடத்தில்தான்.

நாட்டின் பயணிகள் ரயில்வேக்கு அப்போது தலைவராக இருந்தவருக்குப் பேச்சு சரளமாக வராது. முதல் சொல்லிலேயே நின்றுவிடுவார். "நான்... நான் சொல்ல வருவது..." என்று மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குவார். இருந்தும் மாதம் ஒருமுறை எல்லா ஊழியர்களுக்கும் காணொளியில் பேசிவந்தார். எழுதிக் கொடுத்து வேறு யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாம். ஏனோ அவர் அப்படிச் செய்யவில்லை. அந்தக் காணொளி வந்த மறுநாள் அறிவிப்பு அறையில் தேநீர் நேரத்தில் மைக்கம்மாவைச் சுற்றிக் கூட்டம் கூடும்.

அப்படி ஒரு மறுநாள் காலையில்தான் அது நடந்தது.

எட்டு ஐந்துக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைபேசி வந்தது. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்பதை முடிவுசெய்வது அவர்கள்தான். எட்டு இருபத்தைந்து வண்டி வழக்கமான மூன்றாவது நடைமேடைக்கு வராது, ஐந்தாவதுக்கு வரும் என்றார்கள். ஐந்தாவதில் நிற்கும் வண்டி எட்டுப் பதின்மூன்றுக்குப் புறப்படும். அதற்கு முன் அறிவித்தால் இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். ஆகவே எட்டுப் பதினான்குக்குச் சொல்லுங்கள் என்றார்கள். மைக்கம்மா ஒரு துண்டுச் சீட்டில் '8.14 – ஐந்து' என்று எழுதி மேசையில் வைத்தார். அதன்மேல் யாரோ தேநீர்க் கோப்பையை வைத்தார்கள்.

"அக்கா, நேத்து பேசினதை ஒரு தடவை போடுக்கா" என்றார் டிக்கெட் பரிசோதகர்.

"ஐயோ, வேலை கிடக்குப்பா."

"ரெண்டே நிமிஷம்க்கா. தலைவர் பேசினா அது ரெண்டு வார்த்தைதானே!"

அந்தக் கிண்டலுக்கே ஒருவர் சிரித்துவிட்டார். மைக்கம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு ஆரம்பித்தார். "நான்... நான் சொல்ல வருவது... நேரம்... நேரம்தான் நம்ம..." துப்புரவு மேற்பார்வையாளருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ஒருவர் இன்னொரு தடவை என்றார். சுவரில் கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஜன்னல் வழியே வண்டியின் முகப்பு தெரிந்தபோது எட்டு இருபத்தொன்று. மைக்கம்மா பாய்ந்து மைக்கைப் பிடித்தார். அவருடைய குரல் பதறவே இல்லை. முப்பத்தொரு வருடப் பழக்கம். மூன்றாவது நடைமேடையில் நின்ற அறுநூறு பேரும் ஒரே சமயத்தில் மேம்பாலப் படிக்கட்டுக்கு ஓடினார்கள்.

பதினான்கு பேருக்குக் காயம். யாரும் சாகவில்லை. தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. படியில் குவிந்து கிடந்த செருப்புகளை யாரோ படம் பிடித்தார்கள். அரை மணி நேரத்தில் நாடு முழுக்க அந்தப் படம் போய்ச் சேர்ந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் அறிவிப்பு அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். ஓய்வு பெற அவருக்கு இரண்டு வருடம் இருந்தது. மேசையில் கிடந்த சீட்டை எடுத்துப் பார்த்தார். தேநீர்க் கோப்பையின் ஈர வளையம் 'ஐந்து' என்ற சொல்லைச் சுற்றி விழுந்திருந்தது.

"எத்தனை மணிக்குச் சொன்னீங்க?"

"எட்டு இருபத்தொண்ணு சார்."

"ஏழு நிமிஷம்." நாற்காலியில் உட்கார்ந்தார். "வேலை போயிடும்மா. உங்களுக்கு மட்டும் இல்ல. அறையில கூட்டம் சேர விட்டதுக்கு எனக்கும்தான். பத்து மணிக்கு விசாரணைக்கு வர்றாங்க."

மைக்கம்மா அழ ஆரம்பித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இது ஏழு நிமிஷம் பின்னால ஓடியிருந்தா, நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. இல்லையா?"

"சார்..."

"கடிகாரத்துக்குக் குடும்பமா குட்டியா? அது மேல போட்டா யாருக்கு நஷ்டம்?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டது அவர். ஏறி நின்று முள்ளைத் திருப்பியது மைக்கம்மா. அந்த நாற்காலி கொஞ்சம் ஆடியது. "பார்த்தும்மா, விழுந்து கிழுந்து வெக்காதீங்க, பதினஞ்சாவது ஆளா ஆயிடுவீங்க" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். அந்த நேரத்திலும் மைக்கம்மாவுக்கு ஒரு சிரிப்பு வந்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவருக்கு உடம்பே கூசியது.

விசாரணைக்கு வந்தவர்கள் தங்கள் கைக்கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் ஒப்பிட்டார்கள். ஏழு நிமிடம் வித்தியாசம். அன்று காலை மற்ற அறிவிப்புகளெல்லாம் எப்படி நேரத்துக்கு வந்தன என்று அவர்கள் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தோதான விடை கிடைத்தவர்கள் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அறையில் இருந்த மற்றவர்களும் வாயைத் திறக்கவில்லை, சிரித்தது அவர்களும்தானே.

ஆனால் கடிகாரத்தோடு அது நிற்கவில்லை. ரயில்வேயின் கடிகாரமே பின்னால் ஓடுகிறது என்று பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அந்த வருடத்தில் ஏற்கெனவே மூன்று முறை பெயர் கெட்டிருந்தது. டீக்கடைகளில் "மணி என்ன? ரயில்வே மணியா, நிஜ மணியா?" என்று கேட்டுக்கொண்டார்கள். பதினாறாம் நாள் தலைவர் பதவி விலகினார்.

கடைசிக் காணொளியை எல்லா நிலையங்களிலும் ஊழியர்கள் கூடிப் பார்த்தார்கள். மைக்கம்மா பின் வரிசையில் நின்றார். தலைவர் தன் ராஜினாமாக் கடிதத்தைக் கையில் வைத்துப் படித்தார்.

"நான்... நான் சொல்ல வருவது இதுதான். நம்ம கடிகாரம்... தப்பா ஓடினா... அந்த அறையில இருந்த அறிவிப்பாளர் மேல... குத்தம் இல்ல. அவங்க... கடிகாரத்தை நம்பினாங்க. அதைப் பார்த்துக்க வேண்டியவன்... நான்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. டிக்கெட் பரிசோதகர் மைக்கம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று வீட்டில் மைக்கம்மா சாப்பிடவில்லை. பூட்டுப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"பெரிய மனுஷன், எப்படியும் பென்ஷன் வரும். நீ ஏன் மனசைப் போட்டுக் குழப்பிக்கிறே?"

"அந்த ஏழு நிமிஷமும் அவரைத்தாங்க கிண்டல் பண்ணிட்டு இருந்தேன்."

கணவர் கையில் இருந்த பூட்டைக் கீழே வைத்தார். அதற்கு மேல் அவர் ஆறுதல் சொல்லவில்லை. அது ஒன்றுதான் அந்த மாதத்தில் யாரும் மைக்கம்மாவுக்குச் செய்த மரியாதை.

தண்டனைக்குப் பயப்படுகிறவர், தண்டனை வராது என்று தெரிந்ததும் தூங்கிவிடுவார். வெட்கம் அப்படியில்லை. நம்மை நல்லவர் என்று ஒருவர் நம்பிவிட்டுப் போன பிறகுதான் அது கிளம்புகிறது. மைக்கம்மாவுக்குத் தன் குரலே வேண்டாததாகிவிட்டது. கடையில் பேசாமல் விரலால் சுட்டிக் காட்டிக் காய் வாங்கினார்.

புதிய தலைவர் சுறுசுறுப்பானவர். வந்த முதல் வாரத்திலேயே எல்லா நிலையங்களுக்கும் புதுக் கடிகாரம் என்று உத்தரவு போட்டார். முதல் கடிகாரத்தைத் தன் கையாலேயே மாட்ட, புகைப்படக்காரர்களோடு மைக்கம்மாவின் அறைக்கே வந்தார்.

"இதுதானே அம்மா, அந்தப் பிரபலமான கடிகாரம்?"

ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். மைக்கம்மா சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தார்.

"சார், அது சரியாத்தான் ஓடுச்சு."

புதிய தலைவர் ஒரு கணம் அவரைக் கூர்ந்து பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "இவ்வளவு வருஷம் கூட இருந்த பாசம்! விட்டுக் கொடுக்க மாட்டேங்கிறாங்க பாருங்க." எல்லாரும் சிரித்தார்கள். "பழசை விடுங்கம்மா. இனிமே ஓடுறதைப் பார்ப்போம்."

அவருக்குப் புரியவில்லையா, புரிந்துகொள்ள விரும்பவில்லையா என்பதை நாம் சொல்ல முடியாது. அந்தக் கடிகாரம் தப்பாக ஓடியது என்று எல்லாரும் நம்பியதால்தான் அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். பழைய கடிகாரத்தைத் தலைமை அலுவலக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'மாற்றத்தின் தொடக்கம்' என்று எழுதி ஒட்டப்போகிறார்களாம்.

"பார்த்தீங்களா, நாம எல்லாம் ரிட்டயர் ஆனா ஒரு மாலையோட சரி. அதுக்குக் கண்ணாடிப் பெட்டி!" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

அடுத்த விடுமுறை நாளில், இரண்டு மணி நேரம் ரயிலில் போய்ப் பழைய தலைவரின் வீட்டைக் கண்டுபிடித்தார். மூன்று மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. சாதாரணக் கதவு. அவரே வந்து திறந்தார்; கையில் பாதி துடைத்த ஒரு ஷூ. காணொளியில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார்.

"சார், நான் ரயில்வேல..."

"இந்தக் குரல்..." என்றார் அவர். "எனக்குத் தெரியும். அந்த நிலையத்துல... நீங்கதானே?"

கூடத்தில் உட்காரச் சொன்னார். மைக்கம்மா உட்காரவில்லை. நின்றபடியே கடிகாரத்தைத் திருப்பியது வரைக்கும் சொல்லி முடித்தார். அவர் ஷூவைத் தரையில் வைத்தார். எல்லாம் முடிந்ததும் இதுவரை யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"அந்த ஏழு நிமிஷம்... என்ன பண்ணிட்டு... இருந்தீங்க?"

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். வீட்டிலிருந்து போன் வந்தது, தலைச்சுற்றல் என்று எத்தனையோ இருந்தன. ரயிலில் வரும்போது அவற்றில் இரண்டைத் தயாராகக்கூட வைத்திருந்தார்.

"உங்களை மாதிரிப் பேசிக் காட்டிட்டு இருந்தேன் சார். எல்லாரும் சிரிச்சிட்டு இருந்தாங்க."

அவர் முகம் மாறவில்லை. இது அவருக்குப் பழகிய செய்தி என்பது தெரிந்தது. பள்ளியில் ஆரம்பித்திருக்கும்.

"பேசுங்க" என்றார்.

"சார், வேண்டாம் சார்."

"எதுக்காக... பதினாலு பேர் விழுந்தாங்கன்னு... நானும் கேக்கணும் இல்லையா?"

மைக்கம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "நான்... நான் சொல்ல வருவது..."

உள்ளே சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "மறுபடியும் அந்தக் கடிதமா? எத்தனை தடவைங்க படிப்பீங்க? போதும், அதை மடிச்சு வெச்சுட்டுச் சாப்பிட வாங்க."

பழைய தலைவரின் காதுமடல் சிவந்தது. தினமும் இந்தக் கூடத்தில் தனியாக நின்று அந்தக் கடிதத்தை அவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்பது ஒரு வெளியாளுக்குத் தெரிந்துவிட்டது. தன் வெட்கத்தை இறக்கிவைக்க வந்த மைக்கம்மா அவருடைய வெட்கத்தையும் பார்த்துவிட்டார்.

"மன்னிச்சிடுங்க சார்."

"யார்கிட்டயும்... நான் சொல்ல மாட்டேன். அது என் வேலை... இல்ல" என்றார். கதவு வரை வந்து வழியனுப்பினார். மன்னித்தேன் என்று கடைசி வரை சொல்லவில்லை. அப்படி ஒரு சொல்லைப் பொய்யாகச் சொல்லாததற்காகவே அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம்.

மறுநாள் பகல் பணி. மைக்கம்மா அறிவிப்புப் பதிவேட்டைத் திறந்து, அந்தத் தேதிக்குரிய பக்கத்தைத் தேடி எடுத்தார். ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் எழுதினார்: 'அன்று கடிகாரம் சரியாக ஓடியது. அறிவிப்பை ஏழு நிமிடம் தாமதமாகச் சொன்னது நான். தலைவரைப் போலப் பேசி விளையாடிக்கொண்டிருந்தேன். பிறகு முள்ளைப் பின்னால் திருப்பியதும் நான்.' கையெழுத்துப் போட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் உள்ளே வந்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். படித்து முடிக்க நேரம் எடுத்தது.

"இதை நகல் எடுத்து மேல அனுப்பிடுங்க சார். உங்களைப் பத்தி எதுவும் எழுதல."

"எழுதல, சரி. ஆனா அந்த ஆடுற நாற்காலியில நீங்க தனியா ஏறினீங்கன்னு எவன் நம்புவான்?" என்றார். வழக்கமான கிண்டல் குரலில்தான் தொடங்கினார்; பாதியில் அது கரகரத்துவிட்டது.

மைக்கம்மா பேனாவை மூடாமல், அவர் பக்கமாகப் பதிவேட்டின் நடுவில் வைத்தார். ஸ்டேஷன் மாஸ்டர் அதை எடுக்கவில்லை. அறையை விட்டுப் போகவும் இல்லை. புதுக் கடிகாரத்தில் மணி இரண்டு ஒன்பது. இரண்டு பத்துக்கு ஒரு அறிவிப்பு இருந்தது. மைக்கம்மா மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, முள் நகர்வதற்காகக் காத்திருந்தார்.