குடோனுக்குப் போன அப்பளம்

என் கணவரின் அக்காவை நான் வதினா என்றுதான் கூப்பிடுவேன். ஆந்திர எல்லையை ஒட்டிய குடும்பம் எங்களுடையது. பேசுவது தமிழ்தான் என்றாலும் உறவுமுறையில் பாதி தெலுங்கில் இருக்கும். எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை, டிரங்குப் பெட்டியோடு வதினா திருத்தணியில் எங்கள் வாசலில் வந்து நின்றார். வடக்கே வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிய அவருடைய புருஷனிடமிருந்து வருஷக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. மாமியார் வீட்டில் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு அலுத்துக்கொண்டார்கள். அந்த அலுப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கப் பிடிக்காமல் வந்துவிட்டார்.

என் கணவர் திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். விடிவதற்குள் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார். அதனால் பகலெல்லாம் நானும் வதினாவும் மட்டும்தான். வந்த வாரமே சமையலறையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். அதுவும் போதாமல் அப்பளம் போட ஆரம்பித்தார். உளுத்தம் மாவைப் பிரண்டைச் சாறு விட்டு இடித்து, உருட்டி, மெல்லிசாகத் தேய்த்து, நிழலில் உலர்த்தி, நூலால் கட்டுக் கட்டாகக் கட்டுவார். மலையடிவாரத்துக் கடைகளில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

எதிர்வீட்டுக்காரர் தினமும் ரயிலில் மெட்ராசுக்கு வேலைக்குப் போகிறவர். அவர்தான் அங்கே இருக்கும் ஒரு மொத்த அங்காடியைப் பற்றிச் சொன்னார். குடோனையே கடையாக்கி வைத்திருக்கிறார்களாம். சர்க்கரையிலிருந்து சோப்பு வரை கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்குமாம். குடும்பங்கள் வந்து மாத சாமானை மொத்தமாக எடுத்துப் போகுமாம். வீட்டில் செய்கிறவர்களிடமும் சரக்கு எடுக்கிறார்கள் என்றார். வதினா அன்றைக்கே என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீ கூட வர்றியா? எனக்கு அங்கெல்லாம் படிச்சிச் சொல்ல ஆள் வேணும்."

இரண்டு பேரும் ஒரு கூடை அப்பளத்தோடு ரயிலேறிப் போனோம். சரக்கு வாங்கும் அதிகாரி ஒல்லியானவர், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். சட்டையெல்லாம் மூட்டைத் தூசி. ஒரு அப்பளத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா இப்படி வாங்க முடியாது."

"ஏன் சார்? எங்க ஊர்ல இப்டிதான் குடுத்துகினு இருக்கோம்," என்றார் வதினா.

"உங்க ஊர்ல கடைக்காரர் பக்கத்துலயே உக்காந்திருப்பார். இங்க ஜனங்களே எடுத்துப் பாப்பாங்க, கீழ போடுவாங்க, திரும்ப வைப்பாங்க. பாலிதீன் கவர்ல போட்டு நாலு பக்கமும் ஒட்டியிருக்கணும். உள்ள லேபிள் இருக்கணும். எடை, விலை, மாசம், செஞ்சவங்க பேர், ஊர் எல்லாம் அதுல வரணும். அதெல்லாம் அட்டைப்பெட்டியில வரணும். பெட்டி மேல வேற கம்பெனி பேர் கூடாது. உள்ள வைக்கோல், பேப்பர் எதுவும் கூடாது."

பிறகு எங்களை அடுக்குகளுக்கு நடுவே கூட்டிப்போய், அடியில் இருந்த ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினார். "மேல இருக்கிற அத்தனையும் இது தலையிலதான். இது தாங்கலேன்னா எல்லாம் சரியும்."

திரும்பும்போது ரயிலில் வதினா கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரக்கோணம் தாண்டியதும் திடீரென்று, "அந்த ஆளு அப்பளம் வாங்குறாரா, பெட்டி வாங்குறாரா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் கூடையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

கவரை ஒட்டுவதற்கு ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று இருந்தது. கவரின் வாயை இரண்டு ரம்பத் தகடுகளுக்கு நடுவில் பிடித்து, நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு இழுப்பு இழுத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். செய்து பார்த்தோம். ஒட்டியது. ஆனால் ஒட்டிய கோடு முழுக்கக் கரி படிந்தது. கொஞ்சம் தாமதித்தால் கவர் சுருங்கியது. வதினாவின் கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் ஸ்பிரிட் விளக்கு புகையில்லாமல் எரிந்தது எனக்கு ஞாபகம் வந்தது. மருந்துக்கடையில் சொல்லி ஒன்று வரவழைத்தேன். அதன் நீலச் சுடரில் கோடு சுத்தமாக வந்தது. வதினா அந்த முதல் கவரைக் கவிழ்த்து உதறி, ஒன்றும் விழவில்லை என்று பார்த்தபின் என் கன்னத்தைக் கிள்ளினார்.

லேபிளில்தான் சிக்கல் வந்தது. செய்தவர் பெயர் போட வேண்டுமே. சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் சாதாரணமாகச் சொன்னார்: "எம் பேரப் போட்டுடுங்க. ஆம்பள பேரு இருந்தாதான் நாலு பேரு மதிப்பான். அக்கா பேரப் போட்டா, வீட்டுக்காரர் எங்கன்னு கேப்பாங்க. எதுக்கு வம்பு?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்டுவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. வதினா அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். நான் வதினாவுக்காகப் பேசியிருக்கலாம், ஆனால் அந்த வீட்டில் எதிர்த்துப் பேச எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

மறுநாள் தாலுகா ஆபீஸ் பக்கத்து அச்சகத்துக்குப் போனோம். அச்சுக் கோர்க்கிறவர் பெயர் கேட்டார். என் கணவர் பெயரைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் வதினா தன் பெயரைச் சொன்னார்.

"முன்னாடி திருமதி போடணுமா, செல்வி போடணுமா?"

"ஒண்ணும் வேணாம்."

"அப்ப இன்னார் மனைவின்னு..."

"மாவு பிசையறது நானு, தேய்க்கிறது நானு. பேர மட்டும் போடுங்க, போதும்."

அவர் தலையாட்டிவிட்டு எழுத்துகளைப் பொறுக்க ஆரம்பித்தார். வதினாவுக்குப் படிக்கத் தெரியாது. ஈரம் காயாத முதல் லேபிளை வாங்கி, எது தன் பெயர் என்று என்னைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அன்று சாயங்காலம் என் கணவர் லேபிளைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு, "எழுத்து நல்லா விழுந்திருக்கு," என்றார்.

பெட்டிக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டிகள் கிடைத்தன. அதில் கம்பெனி பெயர் இருந்ததால் ஒட்டியிருந்த இடத்தைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்து, மைதா பசையால் ஒட்டினோம். பலம் பார்க்க நான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன். பிறகு வதினா உட்கார்ந்தார். பிறகு பக்கத்துவீட்டுப் பெருத்த அம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். அவர் காபி வாங்கிக் குடித்து முடிக்கும்வரை பெட்டி அசையவில்லை.

இரண்டாம் தடவை குடோனில் அதிகாரி ஒட்டிய கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். லேபிளை வாய்விட்டுப் படித்தார். "இது யாரு, நீங்களாம்மா?"

"ஆங், நான்தான் சார்."

பெட்டியைக் காலால் அழுத்திப் பார்த்தார். தாங்கியது. பிறகு குனிந்து மோந்தார். முகம் மாறியது. "என்ன பசை?"

"மைதாங்க," என்றேன்.

"இத உள்ள விட முடியாதும்மா."

வதினாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. "இன்னா சார் இது? கவருன்னீங்க, செஞ்சோம். லேபிள்னீங்க, செஞ்சோம். ஒவ்வொரு வாட்டியும் ஒண்ணு சொல்லிகினே இருந்தா நாங்க எங்க சார் போறது?"

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன மழைக்கு ஒருத்தர் மைதா ஒட்டின பெட்டி குடுத்தார். அவரும் உங்கள மாதிரி வீட்டுல செய்யறவர்தான். பாவம்னு விட்டேன். எலி பசைக்கு வந்து, பக்கத்துல இருந்த மத்தவங்க சரக்கையும் சேர்த்துக் கடிச்சிடுச்சு. அதுல அவரோட வியாபாரமும் போச்சு, எனக்கும் மெமோ வந்துச்சு. மொதல்லயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். அது என் தப்புதான்."

அவர் தப்பு என்று சொன்னதும் வதினா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப இன்னா பண்ணணும், சொல்லுங்க."

"பசை இருக்கிற பட்டையை வெட்டிட்டுக் கம்பிப் பின் அடிக்கணும். பாரிமுனைப் பக்கம் அட்டைப்பெட்டி செய்யற கடைங்க இருக்கிற சந்து ஒண்ணு இருக்கு. பாக்கெட்டெல்லாம் இங்கயே என் மேஜைக்கடியில இருக்கட்டும். காலிப் பெட்டிய மட்டும் எடுத்துட்டுப் போங்க. சாயங்காலம் கேட் மூடறதுக்குள்ள வந்துடுங்க."

பெட்டிகளைத் தட்டையாக மடித்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். சந்தில் முதல் இரண்டு கடைகளில், இவ்வளவு சின்ன வேலைக்கு மிஷினை நிறுத்த முடியாது என்றார்கள். மூன்றாவது கடையில் இருந்த பாய் எங்களைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு எழுந்த ஆளை மறுபடி உட்காரச் சொன்னார். பட்டையை வெட்டியதில் பெட்டி கொஞ்சம் சிறுத்துப்போனது. அதுவும் நல்லதாகவே ஆனது. பாக்கெட்டுகள் இடைவெளி இல்லாமல் இறுக்கமாக உட்கார்ந்துகொண்டன.

நாங்கள் மூச்சிரைக்கத் திரும்பியபோது காவல்காரர் கேட்டில் கை வைத்து நின்றிருந்தார். அதிகாரி அவர் பக்கத்திலேயே நின்று வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிகளில் பாக்கெட்டுகளை அடுக்க அவரும் உட்கார்ந்தார். சுமையாட்கள் எங்கள் பெட்டிகளை ஒரு வரிசையின் அடியில் வைத்து, மேலே பிஸ்கட் பெட்டிகளை ஏற்றினார்கள். ஒவ்வொரு பெட்டி ஏறும்போதும் வதினா என் கையை இறுக்கினார். கடைசிப் பெட்டி ஏறிய பிறகும் அவர் நகரவில்லை.

"போலாம்மா, ஒண்ணும் ஆகாது," என்றார் அதிகாரி.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சரக்கு தவறாமல் போனது. எங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்க இடமில்லாமல் அப்பளம் காய்ந்தது. தெருப் பெண்கள் சிலர் தேய்க்க வந்தார்கள். அடுத்த பொங்கலுக்குள் வதினா அதே தெருவில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தார். என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "தம்பி வீடு இருக்கும்போது தனியா போறியா?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். வதினா, "நாலு வீடு தள்ளிதானே போறேன்?" என்று மட்டும் சொன்னார். குடிபோன அன்று காலை, லீவு போட்டுவிட்டு வந்து, அந்த வீட்டில் பல்பு மாட்டிக்கொடுத்தது இவர்தான்.

நான் பாத்திரங்களைச் சுமந்துபோய் வைத்துவிட்டு வந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சமையலறைக்குள் நுழைந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றேன். அன்று மத்தியானம் இரண்டு வீட்டிலும் சாம்பார் கொதித்தது. எங்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. அதுநாள்வரை எங்கள் வீட்டில் உப்பு போட்டது வதினாதான். இவர் சாப்பிட்டுவிட்டு, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.